மந்தும் மண்டலமும்

நீலமலையின் மேலே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் அமைந்துள்ள ஓர் ஊர், நான்கு பெயர்களைத் தாங்கி நிற்கிறது. கோடை விடுமுறையிலே குழந்தை குட்டிகளோடு மலையேறுவோர்க்கு அது 'ஊட்டி'. அரசினர் ஏடுகளுக்கும் புகைவண்டி நிலையத்துப் பலகைக்கும் 'உதகமண்டலம்'. மேடையிலே முழங்குவோர்க்கும் செய்தித்தாளுக்குத் தலைப்பிடுவோர்க்கும் 'உதகை'. வெள்ளையர் எழுதி வைத்துப்போன நூல்களில் 'ஊட்டகமண்ட்'. நான்கில் எது தாய், எது சேய்? எது பிறந்த பெயர், எது புனைந்த பெயர்? கேட்டுப் பார்த்தோமானால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே ஒன்றுதான். "உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டாரம். நீர்வளம் மிக்க வட்டாரமாதலின் உதகமண்டலம். வெள்ளையனுக்கு வாய் நுழையாமல் ஊட்டகமண்ட் என்று குதறினான், பிறகு ஊட்டி என்று குறுக்கினான்" என்பர். ஐயமிருந்தால் ஊர் நடுவே ஏரி ஒன்று இருக்கிறதே, போய்ப் பார்த்து வாருங்கள் என்றும் சான்று காட்டுவர்.

கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. வடமொழிச் சொல் இரண்டை ஒட்டவைத்துப் பொருள் கூறிவிட்டால், ஊருக்கு ஒரு பழமையும் பெருமையும் தானே வந்து சேர்ந்துவிடும் என்ற எண்ணம் நம் நாட்டிலே நெடுங்காலமாக ஊறிப்போன ஒன்று. மறைக்காடு வேதாரணியமாயிற்று, முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று. அங்கெல்லாம் மொழிபெயர்ப்பாவது நடந்தது. மறை என்பதற்கு வேதம், முதுமை என்பதற்கு விருத்தம் என்று பொருளுக்குப் பொருள் வைத்தார்கள். நீலமலையிலே அதுகூட இல்லை. அங்கே நடந்தது வேறு.

முதலில் அந்த ஏரியைப் பார்ப்போம். அஃது இயற்கை தந்த ஏரியன்று. கோயம்புத்தூர் மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர் 1823-25 ஆண்டுகளில் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கிய செயற்கை ஏரி. சல்லிவன் இம்மலை மீது முதன்முதல் ஏறியது 1819-இல். ஆனால் ஊரின் பெயரோ, ஏரி பிறப்பதற்கு முன்பே அச்சேறிவிட்டது. 1821-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'மெட்ராஸ் கெஜட்' என்னும் தாளிலே, மலைமீது சென்று வந்த ஒருவர் எழுதிய கடிதம் வெளிவந்தது. எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால் அவர் ஊரின் பெயரைக் குறித்திருக்கிறார். ஏரிக்கு மூத்த பெயருக்கு ஏரி எப்படிக் காரணமாகும்? மகன் பிறந்ததால் தந்தைக்குப் பெயர் வந்தது என்று கூறுவது புராணத்திலே வேண்டுமானால் நடக்கலாம், வரலாற்றிலே நடவாது.

அந்தக் கடிதத்திலே பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நம் கவனத்திற்குரியது. அந்த ஆங்கில எழுத்துகளைத் தமிழிலே பெயர்த்தால் ஏறத்தாழ 'வொட்டொகிமண்ட்' என்று வரும். ஊட்டகம் என்றும் இல்லை, உதகம் என்றும் இல்லை. முதலெழுத்து ஊகாரமோ உகரமோ அன்று, 'வொ'.

இந்த 'வொ' எங்கிருந்து வந்தது? நம் சிற்றூர்ப் பெரியவர் ஒருவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். 'வொண்ணு' என்றுதான் தொடங்குவார். ஒட்டகம் 'வொட்டகம்' ஆகும். ஓடு என்பது 'வோடு' ஆகும். சொல்லின் தொடக்கத்திலே ஒகரம் நிற்குமானால் அதன் முன்னே மெல்லிய வகரச் சாயல் படிவது தமிழ், கன்னடம், படகம் முதலிய நம் மொழிகளின் பேச்சு வழக்கு. இலக்கணம் படித்தவன் அதை எழுதமாட்டான். இலக்கணம் தெரியாத வெள்ளையனோ காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதினான். ஆகவே அவன் காதில் விழுந்த பெயர் ஒகரத்தில் தொடங்கும் பெயர். உதகம் என்று எவரேனும் சொல்லியிருந்தால் அங்கே 'வொ' என எழுதுவதற்கு வழியே இல்லை.

இனிப் பெயரின் இறுதிக்கு வருவோம். உண்மை உறங்குவது அங்கேதான்.

'மண்ட்' அல்லது 'முண்ட்' என்று நாம் படிக்கும் அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே நிற்பது 'யு' என்னும் எழுத்து. அக்காலத்து ஆங்கிலேயர் நம் நாட்டு அகரத்தை எழுத அந்த எழுத்தைத்தான் கையாண்டனர். நம் கறியை அவர்கள் எழுதிய முறையைப் பாருங்கள். பஞ்சாபை எழுதிய முறையைப் பாருங்கள். பண்டிதரை எழுதிய முறையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் அகரம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த எழுத்தே உட்கார்ந்திருக்கும். ஆகவே 'முண்ட்' என்பது நம் கண் செய்யும் பிழை. அவர்கள் கேட்டது 'மந்த்' அல்லது 'மந்து'. இன்றும் நீலமலையிலே இச்சொல் உயிரோடு வழங்குகிறது. முத்தநாடு மந்து, தாரநாடு மந்து, பகல்கோடு மந்து என்று தோடர்களின் குடியிருப்புகள் அனைத்திற்கும் அதுவே ஈறு.

மந்து என்பது யாது? எருமை மேய்க்கும் தோடர்களின் குடியிருப்பு அது. பீப்பாயை நெடுக்காக இரண்டாக அறுத்துக் கவிழ்த்தாற்போன்ற, குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டிய சிறு வாயில் கொண்ட குடில்கள் சில. எருமைகளை அடைக்கும் கல்லாலான பட்டி ஒன்று. பால் கடையும் மனை ஒன்று. இவ்வளவும் சேர்ந்ததே மந்து. பால்மனைதான் அவர்களுக்குக் கோயில். பால் கறந்து கடைபவன்தான் பூசாரி. எருமையை மையமாகக் கொண்டு அவர்கள் வகுத்துக்கொண்டிருக்கும் தூய்மை, தீட்டு முதலிய கட்டுப்பாடுகளை நாம் ஏற்கவில்லை. பால்மனைக்குள் பெண் நுழையலாகாது என்னும் விதியை மலையிலே கண்டாலும் மறுப்போம், சமவெளியிலே கண்டாலும் மறுப்போம். ஆனால் ஒரு மக்களின் வழக்கத்தை மறுப்பது வேறு. அவர்களின் சொல்லை மறைப்பது வேறு.

இப்போது அச்சொல்லைக் கையிலே எடுத்துப் பார்ப்போம். தோழர்கள் நாள்தோறும் மாலையிலே கூடிப் படிக்கிறீர்களே, பேசுகிறீர்களே, அந்த இடத்திற்கு என்ன பெயர்? மன்றம்! ஊர் ஊராகப் பலகை எழுதி மாட்டியிருக்கும் அந்த 'மன்றம்' என்ற சொல்லும், நீலமலையிலே தோடன் வாழும் 'மந்து' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை.

இது நம் பற்றினால் கூறும் பேச்சன்று. தமிழிலே மன்று, மன்றம் என்பவை ஊர்ப் பொதுவிடத்தைக் குறிக்கும். சங்ககாலத்து மன்றம், மரநிழலிலே ஊரார் கூடும் திறந்தவெளி. அதே மன்று என்ற சொல்லுக்கு ஆநிரை, ஆநிரை நிற்கும் இடம் என்ற பொருளும் தமிழிலே உண்டு. மாடு கட்டிய இடமே மக்கள் கூடும் இடமாயிற்று. மக்கள் கூடிய இடமே வழக்குத் தீர்க்கும் அவையாயிற்று. மந்தை என்ற சொல்லும் இக்குடும்பத்ததே. சென்னையிலே மந்தைவெளியைத் தெரியாதார் யார்? சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால், கோயிலில் அணையா விளக்கு ஒன்றிற்கு 90 அல்லது 96 ஆடுகள் என்று கணக்கிட்டு ஆயர்களிடம் ஒப்படைத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். அந்த ஆயர்களுக்குக் கல்வெட்டு சூட்டும் பெயர் 'மன்றாடி'. மன்றிலே வாழ்ந்தவன் மன்றாடி. ஆள்வோரிடம் கெஞ்சி நிற்பதற்கு 'மன்றாடுதல்' என்று பொருள் வந்தது பிற்காலத்திலே. ஆடு கொடுத்தது அரசன், நெய் அளந்தது ஆயன், விளக்கெரிந்தது கருவறையிலே! அது தனிக் கதை.

தமிழோடு நிற்கவில்லை. தெலுங்கிலே 'மந்த' என்றால் ஆநிரை. குடகிலே 'மந்த்' என்றால் ஊர்ப் பொதுவெளி. புத்தரி விழாவிலே ஆடவர் கோலாட்டம் ஆடுவது அங்கேதான். நீலமலைக் கோத்தர் மொழியிலும் 'மந்த்' உண்டு. அது மக்கள் கூடும் இடம். கன்னடத்தில் 'மந்து' என்றே தோடர் குடியிருப்பைக் குறிப்பர். பரோ, எமனோ என்னும் மொழியியல் அறிஞர் இருவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலே இவை ஒரே கூட்டமாக வைக்கப்பட்டுள்ளன. எமனோ 1930-களில் நீலமலையிலே தங்கி, தோடரிடமும் கோத்தரிடமும் நேரிலே கேட்டு எழுதியவர். ஏட்டிலே பார்த்துக் கதைத்தவரல்லர்.

சரி, தோடர்களே தங்கள் வாயால் எப்படிச் சொல்கின்றனர்? அவர்கள் 'மந்து' என்று சொல்வதில்லை. 'மொத்' என்கின்றனர்; ஈற்றிலுள்ள தகரத்தைப் 'பந்து' என்பதில் வருவதுபோல் மெலித்து ஒலிக்க வேண்டும். இதைக் கேட்டதும், அப்படியானால் மன்றுக்கும் மொத்துக்கும் என்ன உறவு என்று ஐயுறுவோர் இருக்கலாம். மூன்று என்ற எண்ணைத் தோடர் மொழியிலே கேளுங்கள். 'மூத்' என்பர். தமிழ் மூன்று, கோத்தர் மூந்த், தோடர் மூத். தமிழ் மன்று, கோத்தர் மந்த், தோடர் மொத். இரண்டு வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். தமிழிலே 'ன்ற்' வரும் இடத்தில் கோத்தர் 'ந்த்' என்பர். தோடர் மூக்கொலியை விட்டுவிட்டு வெறும் தகரத்தை ஒலிப்பர். ஓரிடத்தில் நிகழ்ந்தால் தற்செயல் எனலாம். ஒழுங்காக நிகழ்ந்தால் அதற்கு ஒலி விதி என்று பெயர். இரு சொற்கள் கேட்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால் உறவு என்று கூறுவது குறி சொல்வோன் வேலை. வேறுவேறாக ஒலிக்கும்போதும், அந்த வேற்றுமை ஒழுங்கானது என்று காட்டி உறவை நிறுவுவதே அறிவுநெறி. 'உதகமண்டலம்' என்னும் விளக்கம் முதல் வகை.

இதிலிருந்து இன்னொன்றும் வெளிப்படுகிறது. வெள்ளையர் எழுதிய பெயரிலே மூக்கொலி இருக்கிறது. தோடர் வாயிலே மூக்கொலி இல்லை. ஆகவே வெள்ளையர்க்கு இப்பெயரைச் சொன்னவர் தோடர் அல்லர். அவர்களின் அண்டை வீட்டாரான படகரோ, கோவையிலிருந்து உடன் சென்ற தமிழரோ ஆவர். இது வியப்புமன்று. 1901-02-இல் தோடரிடையே ஆராய்ந்து 1906-இல் பெருநூல் வெளியிட்ட ரிவர்ஸ், தோடர் குடியிருப்புகளுக்குத் தோடர் வழங்கும் பெயர் ஒன்றும், படகர் வழங்கும் பெயர் வேறொன்றுமாக இருந்ததைக் குறித்திருக்கிறார். வெளியாருக்குத் தெரிந்தது படகர் வழங்கிய பெயரே.

அந்தப் பெயரின் முற்பாதிக்கு என்ன பொருள்? நெடுநாளாக வழங்கிவரும் விளக்கம் 'ஒத்தக்கல் மந்து', அதாவது ஒற்றைக் கல் நின்ற மந்து என்பதாகும். ஒற்றை என்பது பேச்சிலே ஒத்தை. ஒத்தைக்கல் மந்து விரைவாகச் சொல்லும்போது 'வொத்தக்கமந்து' என்றே காதில் விழும். 1821-இன் எழுத்துக்கூட்டலோடு இது பொருந்துகிறது. எனினும், மந்து என்னும் பிற்பாதியைப் போல இதனை முடிந்த முடிபு என்று நாம் முழங்கப் போவதில்லை; அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1908-இல் இவ்வூரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதிய பிரைஸ் என்பவரும் பெயரைப் பற்றிய பூசலைச் சுட்டாமலில்லை. பொருத்தமான விளக்கம் என்ற அளவிலே நாம் அதை ஏற்கிறோம். உதகம் என்பதோ பொருத்தமும் அற்றது.

எனில், ஒத்தக்கல்மந்து உதகமண்டலமானது எப்படி? இந்த மாற்றம் நேர்வழியிலே நடக்கவில்லை. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. தமிழன் வாயிலே தகரமாக இருந்ததை ஆங்கிலேயன் தன் 'டி' எழுத்தாலே எழுதினான். அந்த எழுத்தைப் படித்த நம்மவர், டாக்டர், டீ என்று படித்த பழக்கத்தாலே, அதை டகரமாக்கினர். அப்படிப் பிறந்ததுதான் 'ஊட்டி'யில் உள்ள டகரம். மூலத்திலே டகரமும் இல்லை, ஊகாரமும் இல்லை. 'மந்து' என்பதிலிருந்த 'ந்த்' அதே வழியிலே 'ண்ட்' ஆயிற்று. ஆங்கிலத்திலே அரைகுறையாக நிற்கும் 'ஊட்டகமண்ட்' என்ற ஒலியைப் பார்த்து, இதற்கு மூலம் ஏதோ இருக்க வேண்டுமே என்று தேடியவர் கண்ணிலே மலைமீது மேயும் எருமையும் படவில்லை, மந்தும் படவில்லை. வடமொழி அகராதிதான் பட்டது. 'ஊட்டக' என்பது உதகமாயிற்று. 'மண்ட்' என்பது மண்டலமாயிற்று. வெள்ளையன் சிதைத்ததைத் திருத்துகிறோம் என்று எண்ணிக்கொண்டே, அந்தச் சிதைவின்மீதே புதுச் சுவர் எழுப்பினர். மண்டலத்தில் உள்ள 'ண்ட' வடமொழி உடுத்தியிருந்தாலும், அதன் முதுகிலே வெள்ளையனின் முத்திரை இருக்கிறது.

வேடிக்கை என்னவெனில், ஆங்கிலப் பெயரை அகற்றிவிட்டுத் தமிழ்ப் பெயரை வைத்திருக்கிறோம் என்ற மகிழ்ச்சியிலே நாமும் அதையே எழுதிவருகிறோம். 'மண்ட்' என்று வெள்ளையன் எழுதியபோதாவது மந்தின் எலும்புக்கூடு மிஞ்சியிருந்தது. மண்டலத்திலே அதுவும் போயிற்று.

இம்மலையிலே இத்தகைய கதை இஃது ஒன்றோடு முடிந்தபாடில்லை. கோத்தகிரியைப் பாருங்கள். கிரி என்றால் மலை, ஆகவே கோத்தர் மலை என்று எளிதிலே பொருள் சொல்லிவிடுவர். பழைய பெயர் 'கோத்தர் கேரி'. கேரி என்றால் தெரு, குடியிருப்பு. கோத்தர் ஊர் ஒவ்வொன்றும் மேல்கேரி, நடுக்கேரி, கீழ்க்கேரி என மூன்று தெருவாகப் பிரிந்திருப்பதை ஆராய்ந்தோர் எழுதி வைத்துள்ளனர். இந்தக் கேரி நமக்கு அயலதா? கன்னடத்தில் 'கிவி' என்றால் நமக்குச் செவி. அங்கே பழைய வழக்கில் 'கெய்' என்றால் நமக்குச் செய். அங்கே கேரி என்றால் நமக்குச் சேரி! இகர எகரங்களின் முன் அங்கே நிற்கும் ககரம் தமிழிலே சகரமாகும். இதுவும் ஒலி விதியே.

சேரி என்றதும் நம் நாட்டிலே முகஞ்சுளிப்போர் இருக்கின்றனர். மக்கள் சேர்ந்து வாழும் இடம் எதுவாயினும் சேரிதான். சோழர் காலத்துப் பார்ப்பனர் ஊர்களிலும் சேரிகள் இருந்தன என்பதற்குக் கல்வெட்டே சான்று. ஒரு சாராரை ஊருக்கு வெளியே நிறுத்தி, அந்தச் சொல்லையும் அவர்களோடு சேர்த்து வெளியே நிறுத்திய பிறகுதான் சேரி இழிசொல்லாயிற்று. கேரி கிரியாக உயர்த்தப்பட்டபோது அந்த முகஞ்சுளிப்பும் கூடவே இருந்ததோ என்னவோ! தாளம் செய்து, கொல்வேலை செய்து, பானை வனைந்து மலைமக்கள் அனைவருக்கும் கருவி தந்த கோத்தரின் தெரு, பெயரிலே மட்டும் மலையாகிவிட்டது.

குன்னூருக்கு இத்தொல்லை நேரவில்லை. குன்றத்து ஊர் என்றாலும் சரி, சிற்றூர் என்றாலும் சரி, பெயர் திராவிடப் பெயராகவே நிற்கிறது. தொட்டபெட்டாவும் அப்படியே, படகத்திலே பெருமலை என்பதுதான் பொருள். படகர் என்ற பெயரே வடகர், வடக்கிலிருந்து வந்தோர் என்பதன் மறுவடிவம். நம் வகரம் அங்கே பகரமாகும். ஜெகதளா என்னும் படகர் ஊரின் பக்கத்திலே 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் படைவீடு அமைத்த வெள்ளையர், முதலில் ஊர்ப் பெயராலேயே அதை அழைத்துப் பின்னர் தங்கள் தளபதியின் பெயரை ஒட்டி வெல்லிங்டன் ஆக்கினர். வெள்ளையன் வெளிப்படையாகத் தன் பெயரைச் சூட்டினான். அதை எவரும் பழம்பெயர் என்று ஏமாறுவதில்லை. வடமொழிச் சூட்டலோ பழம்பெயர் போலவே வந்து உட்காரும். இரண்டில் எது தொல்லை மிக்கது என்பதைத் தோழர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெயர் மாறினால் என்ன, மலை மாறியா போயிற்று என்று கேட்போர் உண்டு. மலை மாறித்தான் போயிற்று.

1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று மைசூர்ப் பகுதியில் சாமராசநகரத்திலே கிடைத்திருக்கிறது. ஹொய்சள மன்னன் விட்டுணுவர்த்தனின் படைத்தலைவன் புணிசன், தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்று அது பெருமை பேசுகிறது. அரசனுக்குப் பெருமை, தோடனுக்கு அச்சம். 1603-இல் பெனிசியோ என்னும் கத்தோலிக்கப் பாதிரியார், மேற்குக் கடற்கரையிலிருந்து மலையேறித் தோடரைக் கண்டார். அங்கே பழைய கிறித்தவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவர், எருமை மேய்ப்போரைக் கண்டு திரும்பினார். 1812-இல் நில அளவையாளர் வந்தனர். 1819-இல் சல்லிவன் வந்தார். அவர் 1822 முதல் கட்டிய 'கல் பங்களா'தான் ஊரின் முதல் வெள்ளையர் மாளிகை. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று தோடரிடம் நிலம் வாங்கியதாகக் கூறுவர். எருமை மேய்த்தவனுக்கு ஏக்கர் என்றால் என்ன, ரூபாய் என்றால் என்ன?

சல்லிவனைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நிலம் வாங்கிய அதே மனிதர், இந்நிலத்தின் முழு உரிமையாளர் தோடரே என்று மேலிடத்தோடு வாதாடியவருமாவார். அவர் குரல் நிலைக்கவில்லை. 1840-களில், தோடர்க்கு உள்ளது மேய்ச்சல் உரிமையே, நிலத்தின் முழு உடைமை அன்று என்று கம்பெனியின் இயக்குநர்கள் இலண்டனிலிருந்து முடிவு கூறினர். மலையைப் பார்த்திராதவர்கள் மலைக்கு உரியவர் யார் என்று தீர்ப்பளித்தனர்! அதன் பிறகு புல்வெளிகளிலே தேயிலையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரமும் சவுக்குப் போன்ற வேற்று மரமும் ஏறின. 1848-இல் தாவரப் பூங்கா அமைந்தது. எருமை மேய்ந்த மேடு, சீமான்கள் உலவும் சோலையாயிற்று.

தோடர் யார் என்பதைப் பற்றியும் அக்காலத்திலே கதைகள் பெருகின. நெடிய உருவம், தாடி, போர்வை ஆகியவற்றைக் கண்ட வெள்ளையர் சிலர், இவர்கள் உரோமரின் வழித்தோன்றல்கள் என்றனர். யூதரின் காணாமற்போன குலத்தார் என்றனர். பிற்காலத்தில் சுமேரியர் என்றவரும் உண்டு. எங்கிருந்தோ வந்தவராக இருக்கட்டும், இங்கே பிறந்தவராக மட்டும் இருக்கவேண்டாம் என்பதுபோல! மொழி என்ன கூறுகிறது என்று கேட்டவர் சிலரே. 1837-இல் சுமித் என்னும் பாதிரியார் தோடர் சொற்களைத் தொகுத்து, அம்மொழி தமிழோடு உறவுடையது என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்திலே தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் திராவிட மொழிகளின் வரிசையிலே வைத்தார். 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும், தோடர் திராவிடரா என்ற வினாவைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். உரோமாபுரியும் சுமேரியாவும் அன்றே போயிருக்க வேண்டும்; போகவில்லை. சுற்றுலா வழிகாட்டிகளின் வாயிலே இன்னும் உலவுகின்றன.

இன்று தோடர் தொகை ஏறத்தாழ 2,000. அவர்கள் மொழிக்கு ஏட்டிலக்கியம் இல்லை, பாட்டுகள் உண்டு. எமனோ தொகுத்த தோடர் பாடல்கள் 1971-இல் பெருநூலாக வெளிவந்தன. அவர்களின் கறுப்பு, சிவப்புப் பூவேலைப் போர்வைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போர்வையின் பெயர் காக்கப்பட்டது, நல்லதே. ஆனால் மேய்ச்சல் நிலத்தின்மீது அவர்களுக்கு இருந்த உரிமைக்கு இந்த ஊரிலே மிஞ்சிய ஒரே சான்று, ஊர்ப் பெயரின் கடைசிச் சொல். இவ்விடம் ஒரு காலத்தில் எருமை நின்ற, மக்கள் கூடிய, தோடர்க்குரிய மந்து என்று அச்சொல் சொல்லிக்கொண்டிருந்தது. மண்டலம் என்பதோ எவருடைய இடத்தையும் குறிக்காத சொல். அதற்கு உரியவர் எவருமில்லை. எனவே உரிமை கேட்பாரும் இல்லை.

அப்படியானால் பெயரை மீண்டும் மாற்ற வேண்டுமா? பலகையை அழித்து வேறு பலகை எழுதுவதிலே நமக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எத்தனையோ பலகைகள் மாறின. பலகையின் கீழே நிற்பவன் மாறவில்லை. நாம் கேட்பது வேறு. நீலமலை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் உள்ளூர் வரலாற்றிலே, உதகம், மண்டலம் என்ற பொய்ப் பிரிப்பு அகன்று, மந்து, மன்று, மந்தை என்ற மெய்க் குடும்பம் இடம் பெறட்டும். கோத்தகிரியிலே கேரி என்னும் சொல்லைப் பிள்ளைகள் அறியட்டும். தாவரப் பூங்காவிலே சீட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறிச் சென்றால் ஒரு தோடர் மந்து இன்றும் இருக்கிறது. பூங்காவுக்கு முந்தியது அதுவா, அதற்கு முந்தியது பூங்காவா என்பதை, அங்கே செல்லும் பல்லாயிரவர்க்கு எடுத்துரைக்கும் இரண்டு வரி எழுதிய கல் ஒன்று அந்த ஏற்றத்தின் தொடக்கத்திலே நாட்டப்படட்டும். எழுதும்போது தமிழிலே 'மந்து' என்றும், அதன் கீழே தோடர் சொல்கிறபடி 'மொத்' என்றும் எழுதட்டும். எப்படி ஒலிப்பது என்று அங்கே குடியிருப்பவரையே கேட்டு எழுதட்டும்.